முதல் ஊது

காலையில் எழுந்ததும் எமல்டா அடுப்பில் தண்ணீர் வைப்பாள், காப்பிக்கு அல்ல. தண்ணீர் கொதிக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரீகன் கொட்டாவி விட்டபடி வந்து நிற்பான். வீட்டின் நடுவே தரையிலிருந்து கூரை வரை நிற்கும் கண்ணாடி அது. இந்தப் பக்கம் ஒரு வாசல், ஒரு சமையலறை, ஒரு காற்றுக்குழாய். அந்தப் பக்கமும் அப்படியே. தூத்துக்குடிக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இரட்டை வாசல் வீடுகளைப் பார்த்தால், சொத்துத் தகராறில் குறுக்கே சுவர் எழுப்பிய குடும்பம் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

ரீகன் தன் மூச்சுக்கருவியைக் கண்ணாடியில் இருந்த சின்ன மாடத்துக்குள் வைத்து அந்தப் பக்கக் கதவைச் சாத்துவான். எமல்டா இந்தப் பக்கக் கதவைத் திறந்து எடுப்பாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அது நெபுலைசர், வீட்டில் 'ஊதி'. அதன் வாய்க்குழலைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடி மாட்டி, வாயில் வைத்து ஒரு ஊது ஊதுவாள். பச்சை விளக்கு எரியும். அணைவதற்குள் மாடம் வழியாகத் திருப்பி அனுப்புவாள். அவன் வாயில் வைத்து இழுப்பான், குளிர்ந்த புகைபோல மருந்து உள்ளே போகும். அந்த மருந்துக்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் 'பனி' என்றே சொன்னார்கள்.

பிறகுதான் அவள் தன்னுடைய ஊதியை எடுப்பாள்.

"அக்கா, ஒரு நா இல்லாட்டா ஒரு நா மாட்டிக்கிடுவோம் பாத்துக்க," என்பான் ரீகன். கண்ணாடியில் பதித்த ஒலிபெருக்கி வழியாக அவன் குரல் எப்போதும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல வரும்.

"வாயை மூடிட்டு இழுல. பேசுனா பாதி வெளிய போயிருதுலா."

இரண்டு பேருக்கும் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசைபோலக் கட்டிக்கொள்ளும், அதில் கிருமி குடியேறும். இதே நோய் உள்ள மற்றவர்களைக் கரையேற்றிய மாத்திரை இவர்களுடைய மரபணுவோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. நுரையீரலுக்கென்று உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆன்டிபயாடிக் பனிதான். மற்றவற்றையெல்லாம் முந்தைய தலைமுறை சளிக்கும் காய்ச்சலுக்கும் கோழிக்கும் வாரி இறைத்துத் தீர்த்துவிட்டது.

அதனால்தான் சட்டம் வந்தது. ஊதி முதலில் ஆளுடைய மூச்சைச் சோதிக்கும். உள்ளே இருக்கும் கிருமி இன்னும் பனிக்குப் பயப்படுகிறதென்றால் பச்சை. பனிக்குப் பழகிவிட்டதென்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் மருந்து வராது, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஊதியும் பச்சை எரியாவிட்டால் ஆள் வந்து ஊதியை எடுத்துப்போய்விடுவார்கள். பழகிய கிருமிக்கு மேற்கொண்டு பனி கொடுத்தால் அது இன்னும் தேறும், ஊர் முழுக்கப் பரவும், கடைசி மருந்தும் செத்துப்போகும். நியாயமான சட்டம்தான். எமல்டாவே பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள்.

ஒருவர் கிருமி மற்றவருக்குப் போகக்கூடாது என்று இதே நோயுள்ள அக்கா தம்பியைக்கூடப் பிரித்து வைத்தார்கள். ரீகன் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை எமல்டா அவனைத் தொட்டதில்லை. அம்மா இருந்தவரை குளித்து, உடை மாற்றி, காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும் இருந்தாள். அவள் போன பிறகு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தட்டில் தனியாகச் சாப்பிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் ரீகனின் ஊதியில் சிவப்பு எரிந்தது.

அவனுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் உட்கார்ந்தபடியே பெரிய கிரேன்களை ஓட்டுவான். அன்று அவன் ஊதியைத் தூக்கி அக்காவிடம் காட்டினான். பனி நின்றால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். முதலில் படி ஏற முடியாது, பிறகு உட்கார்ந்தே தூங்க வேண்டும், பிறகு அதுவும் முடியாது. பழகிய கிருமியையும் பனி பாதியாவது அடக்கும் என்று எமல்டா கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பாதி போதும் என்று அவளுக்குப் பட்டது. ஊரை நினைத்தாள், கட்டுரையையும் நினைத்தாள். பிறகு, "மாடத்துல வையில, நான் ஊதுதேன்," என்றாள்.

முதல் சில வாரங்கள் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு பயமும் மரத்துப்போய், பல் தேய்ப்பதுபோல ஆகிவிட்டது. குற்றத்தைத் தினமும் காலையில் செய்தால் அதுவும் வீட்டுவேலைகளில் ஒன்றாகிவிடுகிறது.

இன்று அவன் ஊதியில் அவள் ஊதினாள். பச்சைக்காகக் காத்திருந்தாள். எரிந்தது சிவப்பு. கருவிக்குத்தான் ஏதோ கோளாறு என்று கீழே வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்து ஊதினாள். அதிலும் சிவப்பு.

எமல்டா அடுப்பை அணைத்தாள். தண்ணீரைக் கொட்டினாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். செய்வதற்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அன்று மதியமே நர்ஸ் சுயம்புக்கனி வந்துவிட்டாள். பதினைந்து வருடமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறவள். இரண்டு ஊதிகளையும் தன் கருவியில் பொருத்திப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள்.

"எமல்டா, ஒங்க ரெண்டு பேரு கிருமியும் ஒண்ணுன்னு காட்டுதும்மா. கண்ணாடி எங்கயும் விரிசல் இல்ல. எப்படி?"

எமல்டா மறைக்கவில்லை. மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? நடந்ததைச் சொன்னாள். "ஆனா வாய்க்குழலை ஒவ்வொரு தடவையும் கொதிக்க வச்சேங்க்கா. ஒரு நாகூட விடல."

"குழல் சரி. அதுக்குப் பின்னால இருக்கிற அறையைக் கொதிக்க வைக்க முடியாதுலா? அவன் மூச்சு ஈரம் அங்கதான நிக்கும். வெளிய ஊதுனா ஒண்ணும் ஆவாது." சுயம்புக்கனி மேசைமேல் இருந்த ஊதியை அவளிடம் நீட்டினாள். "இப்ப ஊது, பாப்போம். தெனமும் எப்படிச் செய்வியோ அப்படியே."

எமல்டா வாயில் வைத்து ஊதினாள். ஊதி முடித்ததும், வாயிலிருந்து எடுக்கும் முன், அவள் நெஞ்சு தானாகவே விரிந்து ஆழமாக உள்ளே இழுத்தது.

பால்குடி மறக்கும் முன்னே பழக்கியது அது. ஊது, பிறகு இழு. நடக்கக் கற்கும் முன்னே அவள் உடம்பு கற்றுக்கொண்ட பாடம். நோய் இல்லாத ஒருத்தி ஊதியிருந்தால் ஊதிவிட்டு எடுத்திருப்பாள். எமல்டா ஒவ்வொரு காலையும் தம்பியின் கிருமியை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டுதான் ஊதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரீகன் நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றான். "நீ ஊதிக் குடுத்த பனிய நான் வாங்கியிருக்கக் கூடாதுக்கா," என்றது தகரக் குரல். "நான்தான் வாங்கியிருக்கக் கூடாது."

அழுகை வரும் என்று எமல்டா காத்திருந்தாள். வரவில்லை. இதயம் இருந்த இடத்தில் யாரோ துணியை மடித்து வைத்ததுபோல இருந்தது.

சுயம்புக்கனி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு ஊதிகளையும் பைக்குள் வைத்து மூடினாள். "ஊருல இன்னும் பச்சை எரியிற பிள்ளைகள் இருக்கு எமல்டா. அதுகளுக்காவது இது நிக்கணும். அதுகள் பக்கம் ரெண்டு பேரும் போயிராதிய." பிறகு இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். "கண்ணாடி இனிமே தேவையில்ல. ஒருத்தருகிட்ட இருந்து ஒருத்தரைக் காப்பாத்த ஒண்ணும் மிச்சமில்ல."

கண்ணாடியில் ஒரு கதவு இருந்ததே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து திறக்காத பூட்டு, இரண்டு மூன்று தடவை திருகிய பிறகே வழிவிட்டது. சுயம்புக்கனி கதவைத் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போனாள்.

ரீகன் இந்தப் பக்கம் வந்தான். வந்தவனுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. விருந்தாளிபோல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நினைத்திருந்ததைவிட உயரமாக இருந்தான். கிட்டத்தில் அவன் மூச்சின் ஓசை கேட்டது. இத்தனை வருடம் ஒலிபெருக்கி அதைத் தேவையில்லாத இரைச்சல் என்று வடிகட்டி வைத்திருந்தது.

"ஒங்குரல் இப்படியாக்கா இருக்கு?" என்று கேட்டான். உடனே அவனுக்கு இருமல் வந்துவிட்டது. எமல்டா சட்டென்று இரண்டு எட்டு பின்னால் போய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவன் குனிந்து, நாற்காலியைப் பிடித்தபடி, மூச்சு வாங்க முடியாமல் இருமினான். பனி இல்லாத முதல் நாள் அது.

அவள் முந்தானையை விட்டாள். கிட்டே போய் அவன் முதுகில் கை வைத்தாள். சட்டைக்கு உள்ளே முதுகு சூடாக இருந்தது, அவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கையைக் குழித்து, சளி இளக மெதுவாகத் தட்டத் தொடங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் பலமா தட்டுக்கா," என்றான் அவன்.