அன்செல்மோவின் முறை

மாலை வெயில் இருக்கும்போதே எவாரிஸ்தோ புது வீட்டுக்குள் காலடி வைத்தான். கடற்படைக் குடியிருப்பிலேயே நல்ல வீடு. லா பிளாத்தா ஆறு கடலில் கலப்பது ஜன்னலிலேயே தெரியும். போன மாதம் வரை அன்செல்மோ இருந்த வீடு.

பயிற்சிக் காலத்திலிருந்தே அன்செல்மோ மேல் அவனுக்கு வயிற்றெரிச்சல். பதக்கம் அன்செல்மோவுக்கு, போர்க்கப்பலும் அன்செல்மோவுக்கு. எவாரிஸ்தோவின் மனைவி நெலிதாகூட ஒருகாலத்தில் அவனோடுதான் நடனமாடினாள். ஜெனரல்களின் ஆட்சி வந்தது. "அரசுக்கு எதிரா கூட்டம் போடுறவங்களை வீட்ல ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று எவாரிஸ்தோ காதும் காதும் வைத்தாற்போல் மேலிடத்தில் ஒரு பொய்யைப் போட்டுவைத்தான். அன்செல்மோவை ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலே போன விமானம், அவனில்லாமல் திரும்பியது. கப்பலும் வீடும் எவாரிஸ்தோவுக்கு வந்தன.

நெலிதா மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர் கலந்தாள். எல்லோருக்கும் ஒரே சுரைக் குடுவை, ஒரே குழல். அவள் வெந்நீர் ஊற்றித் தர, ஒவ்வொருவராக உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். போதுமென்றால்தான் "நன்றி" சொல்வார்கள். சொன்னவருக்கு மறுபடி குடுவை வராது. சிப்பாய்கள் வந்து அன்செல்மோவைப் பிடித்துக்கொண்டு போன அன்றும் இதே மேசையில் மூவரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எவாரிஸ்தோ குடித்து முடித்தான். நெலிதா மறுபடி ஊற்றி, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"யாருக்குடி அது?"

"அன்செல்மோ முறைங்க. அவர் இன்னும் நன்றி சொல்லலையே."

சிரித்தபடி சொன்னாள். கட்டிய புருஷனிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது அவனுக்கு. செத்தும் விடமாட்டானா இவன்?

குடுவையை யாரும் தொடவில்லை.

உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அறையெங்கும் கடற்பாசி நாற்றம்.

அடுத்தது எவாரிஸ்தோவின் முறை. குழலில் வாய் வைத்தான். சில்லென்றிருந்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். பால்குடி மறந்த நாளிலிருந்து மாத்தே குடிக்கிறவன்தான். ஆனாலும் பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

"நன்றி."

நெலிதா தலையசைத்துக் குடுவையை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவன் பக்கம் திரும்பவே இல்லை. குடுவை அவளுக்கும் நாற்காலிக்குமாகப் போய்வந்தது.

"நெலிதா! இது என் வீடுடி!"

அவள் நாற்காலியை நோக்கிக் குனிந்து கிசுகிசுத்தாள்.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இல்ல?"

எவாரிஸ்தோ மேசையிலிருந்த தன் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவனுடைய கேப்டன் தொப்பி அவன் கையில்தான் இருந்தது.

கதவருகே கொக்கியில் இன்னொரு கேப்டன் தொப்பி தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.