சித்தி சொன்ன லேப்டாப்

லேப்டாப் பேச்சு இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வாய் காபி உள்ளே இறங்கிப் பதினோரு நாளாயிற்று!

மகளுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்த அன்று ஆரம்பித்தது. இப்போது கல்லூரி திறக்க மூன்றே நாள் பாக்கி. அதற்குள் வீடு நாலு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கம்பெனிகளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று உண்டு என்பதையே எல்லாரும் மறந்துபோனார்கள். யார் சிபாரிசு செய்தார்களோ அவர் பெயர்தான் கம்பெனிக்கு. பள்ளிக்கூட டீச்சரான நாத்தனார் தினமும் போனில் பரிந்து பேசுவது ‘அத்தை கம்பெனி’. கீபோர்டில் ஏழு வர்ணத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று கொழுந்தன் அடம்பிடிப்பது ‘சித்தப்பா கம்பெனி’. பையும் மவுஸும் இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காகவே வீட்டுக்காரர் பிடித்துத் தொங்குவது ‘அப்பா கம்பெனி’. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு முன்னால் நின்றது, வெள்ளி நிறத்தில், விரல் தடிமன்கூட இல்லாத ‘சித்தி கம்பெனி’.

அம்மா கம்பெனி என்று மட்டும் ஒன்று இல்லை. அம்மாவைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் என்ன, லேப்டாப் பழுதுபார்க்கும் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள்தானே! அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

வீட்டில் மூத்த மருமகளான அவளுக்குப் பெரியவள் என்று பெயர். கொழுந்தன் பெண்டாட்டி சின்னவள். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. சுண்டு என்று ஒரு பெண் உண்டு.

அன்று காலை பெரியவள் மகளுக்குப் பிடித்த பச்சைக் கோப்பையில், மகளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை குறைத்து, காபி ஆற்றி வைத்தாள். மகள் சமையலறைக்குள் ஓடி வந்தாள். கோப்பையை எடுத்தாள். அம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“சித்திக்குக் குடுத்துட்டு வரேன்மா. அவங்க லிஸ்ட் போட்டு வெச்சிருக்காங்க!”

கோப்பையும் போயிற்று, மகளும் போனாள். பெரியவள் பால் பாத்திரத்தை ணங்கென்று அடுப்பில் வைத்தாள். காலையில் எழுந்ததும் சித்தி, சட்டை எடுக்கச் சித்தி, மார்க் வந்தால் சித்தி… பெற்றவள் எதற்கு? பால் காய்ச்சவா?

கூடத்தில் மாநாடு கூடிவிட்டது.

“அப்பா! சித்தி சொன்னதுதான் ஃபைனல். ஒரு கிலோதானாம். பையில இருக்கறதே தெரியாதாம்!”

“பை ஃப்ரீயாம்மா அதுக்கு?” என்றார் வீட்டுக்காரர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் வண்டிக்குப் பிரேக் போட்டே பழக்கம். வீட்டிலும் பெண்டாட்டி வாயைத் திறந்தால் அவர் கால் தன்னால் அழுந்திவிடும்.

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். “ஏங்க… அந்த மாடல்ல மூடி தொறக்கற மூட்டு இருக்குல்ல… அது வந்து…”

“இரு, இரு!” போட்டார் பிரேக். “சீட்டு எழுதற வேலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தெரிஞ்சவங்க பேசட்டும்.”

“அம்மா, ப்ளீஸ்! இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா.”

சின்னவள் காபியை உறிஞ்சியபடி சிரித்தாள். “பரவால்லடா… அக்காவும் சொல்லட்டுமே.”

அந்தப் ‘பரவால்ல’தான் பெரியவளுக்குச் சுருக்கென்று ஏறியது. என் மகளிடம் நான் பேச இவள் அனுமதி கொடுக்கிறாளா! அதுவும் என் மகள் கோப்பையில் காபி குடித்துக்கொண்டு!

“ஒண்ணுமில்ல. சித்தி சொன்னதையே வாங்குங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்றுமில்லையா? அந்த மாதத்தில் மட்டும் அதே வெள்ளி லேப்டாப் நாலு வந்தாயிற்று அவள் கவுண்டருக்கு. நாலிலும் ஒரே கோளாறு. வெளியேதான் வெள்ளிப் பூச்சு. உள்ளே மூட்டைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். ஒரு வருஷம் திறந்து மூடினால் இடது மூலை விட்டுக்கொடுக்கும். அப்புறம் மூடியைத் திறக்கும்போதே திரை விரிசல் விடும். அவளுக்கு அத்தனையும் தெரியும்.

வாங்கட்டும்! உடையட்டும்! சித்தி சித்தி என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே, அன்றைக்குத் தெரியும் சித்தியின் லட்சணம்!

அன்று முழுக்கக் கவுண்டரில் அதே நினைப்புத்தான். சின்னவள் முகம் சுருங்குவதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். சத்தியமாகச் சொன்னால், இனித்தது.

கவுண்டரில் அவளுக்கு ஒரு பழக்கம். சீட்டு எழுதுவதற்கு முன் எந்த மெஷினானாலும் இடது மூலையில் கட்டைவிரலைக் கொடுத்து, தலையைச் சாய்த்து, மெதுவாக மூடியைத் தூக்குவாள். சத்தத்திலேயே பாதி சங்கதி தெரிந்துவிடும். உள்ளே பெஞ்சில் வேலை செய்யும் மெக்கானிக், “அக்கா, நீங்க தொறந்து பாத்து என்னன்னு சொல்லுங்க, அப்புறம் ஸ்க்ரூ கழட்டறேன்” என்பார். அன்றும் சொன்னார். “நீங்க மட்டும் அன்னிக்கு ட்ரெய்னிங் போயிருந்தா, இந்த பெஞ்சே உங்களோடதுக்கா…”

“அதெல்லாம் எதுக்குப்பா இப்ப?”

மணி இரண்டரை இருக்கும். ஒரு பெண் உள்ளே வந்தாள். மகள் வயதுதான். தோளில் வரைபடக் குழாய். மார்போடு அணைத்திருந்த லேப்டாப்பைக் கவுண்டரில் வைத்தாள். வெள்ளி நிறம். இடது மூலை வாய் பிளந்து நின்றது. திரை குறுக்கே விரிசல்.

“ஆன்ட்டி… நாளைக்கு சப்மிஷன்… ஒரு வருஷ டிராயிங்கும் இதுக்குள்ளதான் இருக்கு…” கவுண்டரிலேயே தலையைக் கவிழ்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

காலையிலிருந்து பெரியவள் சின்னவளின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். உடைந்தால் அழப்போவது சின்னவளா? அவளுக்கென்ன, ‘அச்சச்சோ’ என்றுவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவாள். இப்படி எவள் கவுண்டரிலோ வந்து நின்று அழப்போவது என் மகளல்லவா! கடவுளே… என் குழந்தை அழட்டும் என்றா நான் காத்திருந்தேன்?

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். “பஸ் ஸ்டாண்டு கடையில இருக்கோம். அப்புறம் பேசறேன்!” பிரேக். மகளுக்குப் போட்டாள்.

“அக்கா? நான்தான். அவ கலர் பாத்துட்டிருக்கா. என்ன விஷயம்?”

சின்னவளின் குரல்! மகளின் போனையும் இவள்தான் எடுக்கிறாள்! அந்த அவசரத்திலும் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். வைத்த கையையே வெட்டிப் போடலாம் போல வந்தது அடுத்த நிமிஷம்.

“அழாத கண்ணு” என்று அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டாள். “அஞ்சு மணிக்கு உன் டிராயிங் உன் கையில இருக்கும். நான் பொறுப்பு.” மெஷினை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள்.

கடையில் பில் போடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் நிறுத்துங்க!”

மூன்று பேரும் திரும்பினார்கள். பெரியவள் யாரையும் பார்க்கவில்லை. மேசையில் பார்வைக்கு வைத்திருந்த அதே வெள்ளி லேப்டாப்பின் இடது மூலையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினாள். ‘டிக்.’ சின்னச் சத்தம்தான். மூட்டுக்கும் உடம்புக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் தன் நகத்தை நுழைத்தும் காட்டினாள்.

விற்பனையாளருக்கு முகம் மாறிற்று. “இது டிஸ்ப்ளே பீஸ் மேடம். எத்தனையோ பேர் தொறந்து மூடியிருப்பாங்க…”

“இவ அஞ்சு வருஷம் தொறந்து மூடணுமேப்பா.”

சின்னவள் முகம் சிவந்துவிட்டது. “காலையில கேட்டப்ப ஒண்ணுமில்லன்னீங்க. சித்தி சொன்னதையே வாங்குங்கன்னீங்க. இப்ப பில் போடற நேரத்துல, கடை நடுவுல… என்னை அவமானப்படுத்தணும்னே ஓடி வந்தீங்களா? உங்களுக்கு என்மேல பொறாமைக்கா!”

“ஏய், ரெண்டு பேரும்…” வீட்டுக்காரரின் கால் பிரேக்கைத் தேடியது.

“ஆமா… பொறாமைதான்!”

கடையே திரும்பிப் பார்த்தது. பெரியவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

“வயிறு எரியுதும்மா எனக்கு! எம் பொண்ணு எந்திரிச்சதும் உன் கதவைத்தான் தட்டுறா. இடம் கிடைச்ச சங்கதியே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போட்ட காபியக்கூட உனக்குத்தான் தூக்கிட்டு ஓடுறா… இது ஒடையும்னு எனக்குக் காலையிலேயே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். ஒடையட்டும், உன் மூக்கும் சேர்ந்து ஒடையட்டும்னு நெனச்சேன். எம் பொண்ணு அழுவாளேன்னு எனக்குத் தோணவே இல்ல… நானெல்லாம் ஒரு தாயா!”

சின்னவள் அங்கே கிடந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லட்டுமாக்கா? எம் பொண்ணு சுண்டு இருக்காளே, காய்ச்சல் வந்தா பெரிம்மா பெரிம்மான்னுதான் பெனாத்துவா. பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். அவ மொத மொதல்ல பேசினது உங்ககிட்ட. மொத அடி எடுத்து வெச்சதும் உங்ககிட்ட. நான் ஆபீஸ்ல உக்காந்து போன்ல போட்டோ பாத்தேன்… எனக்கு மட்டும் எரியாதா?”

பெரியவள் திறந்து கிடந்த வெள்ளி மூடியை மெதுவாக மூடினாள்.

“போன மாசம் சுண்டுவோட சர்டிஃபிகேட் தேடறப்ப உங்க பீரோல, புடவைக்கு அடியில, ஒரு லெட்டர் பாத்தேன். மெக்கானிக் பயிற்சிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம், ஆறு மாசம் வெளியூர்ல, வந்ததும் பெஞ்சுல வேலைன்னு… தேதியப் பாத்தேன். குழந்தைய விட்டுட்டு நான் திரும்ப வேலைக்குச் சேர்ந்த அதே வாரம்!” அவளுக்கு அழுகை வெடித்தது. “நீ போ, குழந்தைய கவுண்டருக்கே தூக்கிட்டுப் போய் நான் பாத்துக்கறேன்னு மட்டும்தானே சொன்னீங்க! உங்க வாழ்க்கையே அந்தக் காகிதத்துல இருந்ததுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாக்கா? அதான்… உங்க பொண்ணுக்காவது என் கையால நல்லதா ஒண்ணு செய்யணும்னு அலைஞ்சேன். அதையும் தப்பாவே செஞ்சிருக்கேன் பாருங்க!”

“எந்த லெட்டர்?” என்றார் வீட்டுக்காரர்.

பெரியவள் குனிந்து சின்னவளின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். “எந்திரிடி” என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை ஒருநாளும் ‘டி’ போட்டுக் கூப்பிட்டதில்லை. “லூசு… கடையில உக்காந்து அழறியே, எல்லாரும் பாக்கறாங்க.” சொல்லிவிட்டு அவளும் அழுதாள். சின்னவள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். “அம்மா… எனக்கு எது வாங்கலாம்மா? நீ சொல்லு.”

பெரியவள் வரிசையாக நடந்தாள். ஒவ்வொன்றிலும் இடது மூலை, கட்டைவிரல், சாய்த்த தலை. சித்தப்பா கம்பெனி ஆடிற்று. அப்பா கம்பெனி முனகிற்று. அத்தை கம்பெனியை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கடைசி வரிசையில், யாரும் சீண்டாத கறுப்புப் பெட்டி ஒன்று. தடிமன். அழகு கிடையாது. மூடியைத் தூக்கினாள். சத்தமே இல்லை. விட்ட இடத்தில் நின்றது.

“உடம்பு கெட்டி. உள்ள இருக்கற சங்கதி எனக்குத் தெரியாது, அதை நீ பாரு” என்றாள் சின்னவளிடம்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். “நல்லாயிருக்குக்கா. அவ டிராயிங் எல்லாமே ஓடும்.”

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பை இலவசமா என்று கேட்கத்தான். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

மணி நாலு பத்து. “நான் கிளம்பறேன். அங்க ஒரு பொண்ணு எனக்காகக் காத்திருக்கு” என்றாள் பெரியவள்.

“நானும் வரேன்மா.” மகள் புதுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அவள் அம்மாவின் கவுண்டருக்கு வருவது அதுதான் முதல் தடவை.

அழுத பெண் சுவரோரப் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் அவளுடைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்திருந்தார். “நல்லாத்தான் இருக்குக்கா. போட்டுப் பாக்க மெஷின்தான் ஒண்ணும் சும்மா இல்ல…”

மகள் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பெட்டியைப் பிரித்துப் புதுசைக் கவுண்டரில் வைத்தாள். அதை ஓடவிட அரைமணி பிடித்தது. ஐந்தடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது கேபிள் மாட்டினார்கள். டிராயிங்குகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. மாடிப்படி, ஜன்னல், ஒரு முழு நூலகம்… ஒரு கோடுகூடக் குறையவில்லை! அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அழுகையா சிரிப்பா, அவளுக்கே தெரியவில்லை.

“நாளைக்கு சப்மிட் பண்ணிட்டுத் திருப்பிக் குடு. எனக்குக் காலேஜ் மூணு நாள் கழிச்சுத்தான்” என்றாள் மகள்.

அந்தப் பெண் நம்ப முடியாமல் கறுப்புப் பெட்டியைத் தடவினாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள். “ரொம்ப கெட்டியா இருக்கே. நானும் இதையே வாங்கிடறேன். இது என்ன கம்பெனி?”

மகள் ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தாள்.

“எங்கம்மா கம்பெனி” என்றாள்.

பெரியவள் சட்டென்று குனிந்து சீட்டுப் புத்தகத்தை இழுத்து எழுத ஆரம்பித்தாள். பெயர் என்ன, மாடல் என்ன, கோளாறு என்ன… பதினோரு வருஷமாக எழுதிய அதே கட்டங்கள். ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.