மெர்சிக்குப் போட்ட பதில்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து சிப்காட் பக்கம் வந்து சேர்வதற்குள் பூமிகாவுக்குத் தொண்டை கரகரத்துவிட்டது. உருக்காலைப் புகை அங்கே வெயிலோடு சேர்ந்துதான் இறங்கும். மோகன்ராஜ் நடத்தும் லேடீஸ் ஹாஸ்டல் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. சுவரெல்லாம் காரை பெயர்ந்த கட்டடம். இன்ஸ்டாகிராமில் மட்டும் பார்த்தவர்களுக்கு அங்கேயே குடியேறிவிடத் தோன்றும். எல்லாம் பூமிகாவின் கைவண்ணம்.

செவ்வாப்பேட்டை வீட்டில் உட்கார்ந்தபடியே சில கடைகளுக்கும் இந்த ஹாஸ்டலுக்கும் அவள் பேஜ் பார்த்துவந்தாள். போட்டோ போடுவது, ரீல்ஸ் வெட்டுவது, கூகுளில் யாராவது திட்டி எழுதினால் பணிவாகப் பதில் சொல்வது. திட்டு எதுவானாலும் பதில் ஒன்றேதான். முழுசாகப் படிக்கக்கூட மாட்டாள், காப்பி எடுத்து ஒட்டிவிடுவாள். ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். கட்டாயம் மீண்டும் வாங்க. உங்கள் இடம் உங்களுக்காகவே காத்திருக்கிறது.’ படிக்கிறவங்க மனசு அப்படியே குளிர்ந்துடும்மா என்று மோகன்ராஜ் மெச்சிக்கொள்வார்.

இன்று அவள் வந்தது ரூமை வீடியோ எடுக்க என்று பேர். உண்மையில் வந்தது தங்கை ரம்யாவைப் பார்க்க. ரம்யா கம்பெனி வேலை கிடைத்து, போன வாரம்தான் இங்கே சேர்ந்திருந்தாள். பேஜ் பார்ப்பதற்காக மோகன்ராஜ் கொடுத்த இலவசக் கட்டில். காலையில் போனில், “ஜொரமா கீதுக்கா, ஷிஃப்டுக்குப் போகல” என்றாள் ரம்யா. சின்ன வயதிலேயே ஜுரம் முற்றி வலிப்பு வந்து, போன உயிர் திரும்பி வந்த பிள்ளை அவள். அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள் பூமிகா.

மாடியில் ரூம் வெறிச்சென்று கிடந்தது. மற்ற பெண்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். வரிசையாக இரும்புக் கட்டில்கள். புகை வராமல் இருக்க ஜன்னலில் பழைய போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே மங்கலாக இருந்தது. மூலைக் கட்டிலில் ரம்யா சுருண்டு கிடந்தாள். தொட்டால் அனலாகக் கொதித்தது.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்க்கா. தண்ணிதான் காலியாய்கினே கீது.”

“நல்லதுதானே, நெறைய குடி.”

“நான் குடிக்கலக்கா” என்றாள் ரம்யா மெதுவாக. “இப்பதான் ரொப்பி வெச்சேன்.”

தலைமாட்டில் பாட்டில் காலியாகத்தான் இருந்தது. ஜுர வேகத்தில் உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள் பூமிகா. அப்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. மெர்சி என்று ஒரு பெண் தன் ரிவ்யூவை மாற்றியிருந்தாள்.

சின்ன ரிவ்யூ என்பதால் அவளை ஞாபகம் இருந்தது. ஒற்றை ஸ்டார் போட்டு, ‘தண்ணி கேட்டேன். கதவ தட்னேன். யாரும் வரல’ என்று எழுதியிருந்தவள். வழக்கமான பதிலைத்தான் அவளுக்கும் ஒட்டியிருந்தாள் பூமிகா. இப்போது மூன்று ஸ்டார்.

‘கூப்ட்டதுக்கு தேங்க்ஸ். வந்துகினு இருக்கேன்.’

பூமிகாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. திட்டினவளே திரும்பி வருகிறாள் என்றால் வீடியோவில் நாலு வார்த்தை பேசவைக்கலாமே. பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே சமையல்கட்டுக்குப் போனாள். கெங்கம்மாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஹாஸ்டல் திறந்த நாளிலிருந்து சமையல் அவள்தான்.

“யக்கா, மெர்சின்னு இங்க யாராவது இருந்தாங்களா?”

கத்தி நின்றது.

“எதுக்குக் கேக்கற பாப்பா?”

“திரும்ப வராங்களாம்.”

கெங்கம்மாள் எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். குரல் பாதியாகிவிட்டது.

“அது சோழவரத்துப் பொண்ணு. மூலை கட்டில்ல இருந்துது. எல்லாரும் ஷிஃப்டுக்குப் போனதும் ஓனரு ரூம வெளிய பூட்டி சாவிய எடுத்துகினு பூடுவாரு. அன்னிக்கு உள்ள ஒரு பொண்ணு ஜொரத்துல கெடக்குதுன்னு பாக்காம பூட்டிட்டாரு. தட்டிகினே இருந்துச்சி. நான் போன் மேல போன் போட்டேன், எடுக்கல. பூட்ட ஒடைக்க ஆள் கூட்டினு வர்றதுக்குள்ள தட்டற சத்தம் நின்னுபோச்சி.”

“எப்போ?”

“போன வெயிலுக்கு. வெளிய தெரியாம அமுக்கிட்டாரு.”

போன வெயிலுக்கு அப்புறம்தான் மோகன்ராஜ் அவளைத் தேடிப் பிடித்து, ஹாஸ்டலுக்கு நல்ல பேர் வரணும்மா என்று வேலை கொடுத்திருந்தார். பூமிகா போனைத் திறந்து மெர்சி எழுதியதையும், தான் போட்ட பதிலையும் படித்துக் காட்டினாள். ‘மீண்டும் வாங்க’ என்ற இடத்தில் கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எழவு ஊட்டுக்குப் போனா வாசல்ல யாராவது வாங்கன்னு கூப்புடுவாங்களா? திரும்பும்போது போய்ட்டு வரேன்னு வாய் தவறிக்கூட சொல்லமாட்டமே. நீ செத்தவளயே வான்னு கூப்ட்டுக்கிறியே.”

“அது சும்மா காப்பி பேஸ்ட்டுக்கா. எல்லாருக்கும் போடறதுதான்.”

“அவளுக்கு இன்னா தெரியும் அது?”

போன் மறுபடி அதிர்ந்தது. ஐந்து ஸ்டார்.

‘வந்துட்டேன். என் எடத்துல யாரோ படுத்துகினு இருக்காங்க.’

தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. லாரி ஷெட்டில் ஓடிய மெஷின் சத்தமும் ஓய்ந்தது. அந்த அமைதியில் மாடியில் ஒரு கதவு சாத்திக்கொள்வது கேட்டது.

பூமிகா ஓடினாள்.

மாடிக் கதவு மூடியிருந்தது. வெளித்தாழ்ப்பாள் போடவில்லை, பூட்டும் இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை.

“ரம்யா!”

“அக்கா, தண்ணி” என்றது ரம்யாவின் குரல், கட்டில் பக்கமிருந்து.

“தண்ணி” என்றது இன்னொரு குரல்.

அது கதவுக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்தது. பூமிகாவின் காதுக்கு நேராக.

பிறகு தட்ட ஆரம்பித்தது. ஓங்கித் தட்டவில்லை. தெம்பில்லாத கை, விட்டு விட்டுத் தட்டியது. கதவிடுக்கில் வேர்த்து நனைந்த படுக்கையின் வாடை வந்தது. தான் போட்ட பதிலை அழிக்கப் பார்த்தாள் பூமிகா. நெட் இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே கட்டில் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. சின்ன வயதில் ரம்யாவுக்கு வலிப்பு வந்தபோதும் கட்டில் இப்படித்தான் ஆடியது.

“மெர்சி” என்றாள் கதவில் வாயை வைத்து. “அது என் தங்கச்சி. ஒண்ணும் தெரியாத பொண்ணு. வுட்டுடு.”

தட்டல் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“கதவு பூட்டல மெர்சி. பூட்டே இல்ல, பாரு. இனிமே நீ உள்ள கெடக்க வேணாம். வெளிய வா.”

படியில் நின்ற கெங்கம்மாள் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பூமிகா கவனிக்கவில்லை. அவளுக்குத் தங்கை உயிரோடு வேண்டும், அவ்வளவுதான்.

“வா, நான் கூட்டினு போறேன்.”

கதவு தானாகத் திறந்தது.

கொதிக்கும் மூச்சுக் காற்று ஒன்று அவள் கன்னத்தை ஒட்டிக் கடந்து போனது. ரம்யா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தாள். தொட்டுப் பார்த்தால் ஜுரம் சுத்தமாக இறங்கியிருந்தது. பூமிகா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டியைக்கூட எடுக்காமல் இரண்டு பேரும் கிளம்பினார்கள். கெங்கம்மாள் கேட் வரை வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. போய்ட்டு வா என்று மட்டும் சொல்லவில்லை.

சென்ட்ரலில் மாறி, திருவள்ளூர் வண்டியில் ஏறினார்கள். வேலை விட்டு வீடு திரும்பும் நேரம், லேடீஸ் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ரம்யா ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பூமிகாவுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஓர் ஆள் உட்கார இடம் காலியாகவே இருந்தது. பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா அதில் உட்காரக் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

“சாரிம்மா, நீ இருக்கறத பாக்கல” என்று அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்து போனாள்.

தான் கதவடியில் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் பூமிகாவுக்கு உறைத்தது. இனி வா என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும். செவ்வாப்பேட்டையில் இறங்கித் தெருவில் நடக்கும்போது திரும்பியே பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். வாசலில் நின்ற அம்மா பூவம்மாள், ரம்யாவைப் பார்த்ததும், “இன்னாடி இது, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க” என்று கன்னத்தைத் தடவி உள்ளே அனுப்பினாள். பின்னாலேயே நுழைந்த பூமிகா திரும்பிக் கதவைப் பிடித்துத் தள்ளினாள். அம்மா கையை வைத்துத் தடுத்தாள்.

“இருடி. கூட வந்த பொண்ணு வெளியவே நிக்குது. பாவம், மூஞ்சியே வாடிப்போயி கீது.”

அம்மா என்று கத்தப் பார்த்தாள் பூமிகா. நாக்கு ஒட்டிக்கொண்டது.

“கூச்சப்படாதம்மா, உன் ஊடு மாதிரி நெனச்சிக்கோ” என்றாள் பூவம்மாள், வெறும் வாசலைப் பார்த்துச் சிரித்தபடி. “உள்ள வா.”

சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.