2317-க்குப் பச்சை இல்லை

தொலைபேசி ஒரே ஒரு முறை அடித்தது. வண்டி அனுப்பக் கேட்கும் பக்கத்து நிலையத்துக்காரர்கள் எப்போதும் இரண்டு முறை அடிப்பார்கள். கத்திரிக்காய் விழுது தடவிய ரொட்டியை மென்றபடியே வெதூரியா எடுத்தாள்.

"2317 அனுப்பலாமா?"

"அனுப்புங்க, வழி காலி."

முப்பது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. வைத்த பிறகுதான் அந்த எண் உறைத்தது. 2317 நூற்பாலைத் தொழிலாளர்களை புக்கரெஸ்டிலிருந்து ஏற்றி வந்த வண்டி. ஆலையை மூடியதும் அதையும் நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வருடம் ஆயிற்று. நாளுக்கு நாற்பது வண்டி நின்ற இடத்தில் இப்போது ஆறுதான் நிற்கிறது. சீட்டு கொடுக்கும் சன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று, காத்திருப்பு அறையில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. நிலையத்தையே மூட வந்த மூன்று அதிகாரிகளை வாயாலேயே விரட்டியவள் இவள்.

அடுத்த நிலையத்துத் திபெரியுவைக் கூப்பிட்டாள்.

"நான் அடிக்கவே இல்லையேக்கா. 2317-ஆ? சாயங்காலமே பிளம் சாராயமா?"

"வாயைக் கழுவுடா. உன் பக்கம் ஏதாவது தாண்டிச்சா?"

"ஈ காக்கா இல்ல."

நிலைய அதிகாரிக்குரிய சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, வண்டி கிளம்பத் தூக்கிக் காட்டும் பச்சை வட்டு பொருத்திய கைக்கோலோடு வெளியே வந்தாள். நவம்பர் மூடுபனி நடைமேடையை விழுங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து நனைந்த கம்பளிக் கோட்டும் பஞ்சுத் தூசியும் மட்டமான புகையிலையும் கலந்த வாடை, ஒரு காலத்தில் தினமும் இதே நேரத்தில் அவள் முகத்தில் அடித்த அதே வாடை, மெதுவாக நகர்ந்து வந்தது. பிரேக் சத்தம் இல்லை. சக்கரச் சத்தம் இல்லை. ஆனால் வண்டி நின்றுகொண்டிருந்தது.

அவள் மகள் ஸ்மராந்தா, ஆஸ்பத்திரி இரவு வேலைக்குப் போக 5.40 வண்டிக்குக் காத்திருந்தவள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"ஏறாதடீ!"

கதவு மூடிக்கொண்டது.

வெதூரியா கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. கோலால் கண்ணாடியை ஓங்கி அடித்தாள். கீறல்கூட விழவில்லை. எஞ்சினிலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே பனி மட்டும்தான் இருந்தது.

"பச்சை காட்டுங்கம்மா. நேரமாச்சு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிவப்புத் தொப்பி பச்சை காட்டாமல் இந்தத் தடத்தில் எந்த வண்டியும் நகராது. அது செத்த வண்டியானாலும் சரி. கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"காட்ட மாட்டேன். என்னடா பண்ணுவ? எம் பொண்ணை இறக்கி விடு. அப்புறம் எந்த நரகத்துக்கு வேணா போய்த் தொலை!"

"ஏறினவங்க இறங்குற வண்டி இல்லம்மா இது. நீங்க நிறுத்தி வைக்க வைக்க உள்ள இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்."

"விடிய விடிய நிப்பேன். வருஷக் கணக்கா நிப்பேன்!"

சன்னலில் ஸ்மராந்தா இரு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினாள். அவள் நெற்றியோரம் ஒரு கொத்து முடி வெளுத்திருந்தது. பனிதான் என்று வெதூரியா நினைத்தாள்.

பனி இல்லை.

நடைமேடைக் கடிகாரம் ஒரு நிமிடம் நகர்ந்தது. மகளின் கன்னம் ஒட்டியது. இன்னொரு நிமிடம். முடி முழுக்க வெள்ளை. கண்ணைச் சுற்றிச் சுருக்கம். கண்ணாடியில் பட்ட விரல்கள் கோணிக்கொண்டன.

"பாத்தீங்களா?" என்றார் ஓட்டுநர். "கையைத் தூக்குங்கம்மா."

தூக்கினால் போய்விடுவாள். ஒரேயடியாக.

"மாட்டேன்!" வெதூரியா அலறினாள். "அவ என் பொண்ணு! தர மாட்டேன்!"

கடிகாரம் நகர்ந்தது. அவள் கால்களை இன்னும் அகட்டி ஊன்றி நின்றாள். கை இறங்கியே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளைவிட இருபது வயது மூத்த ஒரு கிழவி, பல்லில்லாத வாயைத் திறந்து திறந்து, "அம்மா, விட்டுடும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.