டெல்பினா வெளியேறவில்லை

செவ்வாய்க் கோளின் புதுவியாசை நகரத்தார் ஆட்டம் முடிந்ததும் கோல் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். பயிற்சியாளரின் மார்பைப் பார்ப்பார்கள். அங்கே ஒட்டியிருக்கும் அடையாளவில்லை பச்சையாக இருந்தால் அவருக்கு இன்னொரு வாரம் வேலை உண்டு. சிவந்துவிட்டால் மைதானத்தின் எந்தக் கதவும் அப்புறம் அவருக்குத் திறக்காது. யாரும் வருத்தப்படுவதில்லை. காலியான காற்றுக்குப்பியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதுபோல அடுத்தவரை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சுரங்கத் தொழிலாளர்களின் கால்பந்துக் குழுவான 'செம்புழுதி'க்கு அந்தப் பருவத்தில் டெல்பினா ஒன்பதாவது பயிற்சியாளர். நீக்குவதும் நியமிப்பதும் 'முடிவுப்பொறி' என்ற இயந்திர மூளையின் வேலை. செம்புழுதி புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்தது. இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் குழுவைக் கலைத்து, கண்ணாடிக் கூரை போட்ட அந்த மைதானத்தில் காளான் வளர்ப்பது என்று நகரசபை தீர்மானித்திருந்தது.

முன்னால் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருந்தார்கள். டெல்பினா ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தாள்: பந்தைத் தூக்கி அடிக்காதே, தரையோடு தள்ளு. செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் உயரப்போன பந்து இறங்கி வருவதற்குள் எதிரணி மொத்தமும் வந்து காத்திருக்கும். ஆனால் பழகிய கால்கள் லேசில் மாறவில்லை. அதற்குள் இரண்டு தோல்விகள்.

அந்தக் கடைசி ஆட்டம் முடியும்வரைகூடப் பொறி காத்திருக்கவில்லை; அணிகள் களமிறங்கும்போதே அவள் வில்லை சிவந்தது.

அணித்தலைவன் சாலமோன் பதறி ஓடிவந்தான். "அக்கா, செவப்பு எரியுது!"

"எரியட்டும். நீ போய் ஆடு."

காவல் இயந்திரம் உருண்டு வந்தது. "தாங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள். வெளியேறவும்."

டெல்பினா கோட்டோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "போவ மாட்டேன். முடிஞ்சா தூக்கினு போ."

மனித உடலை இயந்திரம் தொடக்கூடாது என்பது அந்தக் குடியேற்றத்தின் முதல் சட்டம். எனவே அது அங்கேயே நின்று "வெளியேறவும், வெளியேறவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பதிலாக வந்த பளபளப்பான பயிற்சி இயந்திரம் மறுபக்கம் நின்று உத்திகளை அறிவித்தது. ஆட்டக்காரர்கள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

இடைவேளைக்குள் செம்புழுதி ஒரு கோல் வாங்கியது. "எய்ந்து போம்மா!" என்று கூட்டம் கூச்சலிட்டது. தோற்றால் ஊர் காலம்பூரா தன் பிடிவாதத்தைத்தான் சொல்லும் என்று டெல்பினாவுக்குத் தெரியும். ஆனாலும் எழவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள்: "கீழயே வையி! சாலமோன், கீழ!"

கால்கள் ஒருவழியாகக் கேட்டன. பந்து தரையோடு ஓடியது. சாலமோன் ஒன்று போட்டான். ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்றும் போட்டான். கூச்சலிட்ட அதே கூட்டம் கூரை அதிர ஆடியது.

மறுநாள் குழுவின் தலைவர் வேதமுத்து தாமே வாசலுக்கு வந்து, கதவைத் திறந்து அவளை அழைத்துப்போனார். "வாம்மா. முடிவுப்பொறிக்கு ஒரே சந்தோசம்."

"அப்ப வில்லையப் பச்சையாக்கச் சொல்லுங்க சார்."

அவர் தலையைச் சொறிந்தார். "அங்கதான் சிக்கல். உன்னைத் தூக்குனதாலதான் ஜெயிச்சோம்னு அது சொல்லுது."

"நான் அங்கயேதானே குந்தினு இருந்தேன்! ஊரே பாத்துச்சே!"

"அது அதையெல்லாம் பாக்காதும்மா. பூமியில நம்ம மனுசங்க கிளப்பு நடத்துன கதையப் படிச்சுத்தான் அது வேலை கத்துக்கிச்சு. தோத்தா கோச்சைத் தூக்கு. அப்புறம் ஜெயிச்சா, தூக்குனதுதான் காரணம்."

அறையின் கூரையிலிருந்து பொறியின் குரல் கேட்டது. "தங்களை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்துள்ளோம்." வில்லை பச்சையானது.

டெல்பினா சந்தேகமாக நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் தங்களை நீக்குவதற்கு."

அவள் சிரித்துவிட்டாள். "நீக்கிக்கோ. நான் குந்துற எடத்துலதான் குந்துவேன்."

அப்படியே நடந்தது. செம்புழுதி வரிசையாக வெல்வதைப் பார்த்த மற்ற நகரங்களின் குழுக்களும் ஆட்டத்துக்கு முன்னால் தங்கள் பயிற்சியாளர்களை நீக்கத் தொடங்கின. அவர்கள் எல்லோரும் சொல்பேச்சு கேட்பவர்கள். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.