லிஃப்டில் ஒரு மூக்குத் தாக்குதல்!

"ஐயோ... பொணம்!"

காலை பத்து இருபதுக்கு அந்த அலறல் ஆறு மாடிக்கும் கேட்டது.

அலறியது மூன்றாம் மாடி அக்கா. பால்கனியில் துணி உலர்த்தும் சாக்கில் அந்தக் குடியிருப்பின் நடப்பு முழுவதையும் விரல் நுனியில் வைத்திருப்பவள். அவளே அலறுகிறாள் என்றால், அவளுக்குத் தெரியாமல் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்!

தரைத்தளம். லிஃப்ட் கதவு திறந்திருந்தது.

உள்ளே... கால் நீட்டி, கை விரித்து, மல்லாந்து கிடந்தார் ஃபார்வர்டு மாமா.

மூக்கிலிருந்து ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

ரத்தம் அல்ல. தண்ணீர் மாதிரி... ஆனால் தண்ணீர்தானா?

பக்கத்தில் ஒரு குட்டி பிளாஸ்டிக் குழாய். காலி!

ஃபார்வர்டு மாமா ஓய்வு பெற்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 'நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா...' என்று முப்பது வருஷம் பயமுறுத்திப் பிழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை இலவசமாகச் செய்துவந்தார். கோவிட் தடுப்பு மருந்துக்கு எதிராக செல்போனில் 'விழித்துக்கொள்' என்று ஒரு குழு. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். போட்டுக்கொண்டால் கையில் காந்தம் ஒட்டும், போட்டுக்கொண்டால் முடி கொட்டும் என்று விடியும் முன்பே ஃபார்வர்டு வந்துவிடும்.

அவருக்கு முடி கொட்டி இருபது வருஷம் ஆகிறது. அது எதைப் போட்டுக்கொண்டதால் என்று யாரும் கேட்டதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜிம் தம்பி குனிந்தான். மூக்கருகே விரலை வைத்தான்.

"மூச்சு இருக்கு!"

பிணம் கண்ணைத் திறந்தது.

"அடிச்சுட்டான்..."

"யாரு மாமா? எங்க அடிச்சான்?"

"மூக்குல... தடுப்பு மருந்தை மூக்குல அடிச்சுட்டான்! கூப்பிடுங்க போலீஸை!"

கூட்டம் 'ஹா' என்று பின்வாங்கியது. மருந்து தொற்றிக்கொண்டுவிடுமோ என்று!

*

இருபது நிமிஷத்தில் இன்ஸ்பெக்டரம்மா வந்தாள். அதிகம் பேசாதவள். பேச வேண்டியதைப் புருவமே பேசிவிடும்.

கூட வந்த கான்ஸ்டபிள் வந்த வேகத்தில் காலிக் குழாயைக் கவரில் போட்டார். தரைத்தள ஹாலுக்கு ஓடினார். அங்கே மேஜை மேல் இருந்த ஐஸ் பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டார்.

"சாட்சியம், மேடம்! யாரும் தொடக் கூடாது."

"ஐயோ சார், நான் மருந்தை எண்ணிப் பார்க்கணும்!" என்றாள் நர்ஸ்.

"தொடாதம்மா!"

அன்று அந்த ஹாலில் ஊசியில்லாத தடுப்பு மருந்து முகாம். குத்தல் கிடையாது. மூக்கில் ஒரு சின்னப் பீச்சல். அவ்வளவுதான். முகாமுக்கு வந்தது ஒரே ஒரு நர்ஸ். ஒப்பந்த வேலை. பத்தரை மணி முகாமுக்கு ஒன்பது மணிக்கே மேஜை போட்டு, எப்படி அடிப்பது என்று செய்துகாட்டி, நாற்காலி அடுக்கி... எல்லாம் அவள் ஒருத்திதான்.

"யார் மேல சந்தேகம்?" கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள் இன்ஸ்பெக்டரம்மா.

கேட்டிருக்கக் கூடாது.

"ஊசி இல்லாம என்ன மருந்து மேடம் அது? சுருக்குன்னு வலிச்சாத்தானே உள்ள போச்சுன்னு தெரியும்!" இது இரண்டாம் மாடிப் பெரியவர். மூன்று ஊசி போட்டுக்கொண்டவர். வலித்த கதையை முப்பது தரம் சொன்னவர்.

"நான் ஊசிக்குப் பயந்துதான் இத்தனை நாள் போடல. மூக்குலன்னதும் வந்துட்டேன்," என்றான் ஜிம் தம்பி. அவன் புஜத்தில் ஊசி நுழைந்தால் ஊசிதான் வளையும். இருந்தாலும் பயம்!

"இலவசமா குடுக்கறாங்கன்னா அதுல ஏதோ இருக்கு," என்றார் ஒருவர்.

"காசு கேட்டா மட்டும் குடுத்துடுவீங்களாக்கும்!" என்றது இன்னொரு குரல்.

"நான் கேட்டது சந்தேகம்," என்றது இன்ஸ்பெக்டரம்மாவின் புருவம்.

மூன்றாம் மாடி அக்கா தொண்டையைச் செருமினாள். "எனக்கெதுக்கு வம்பு... ஆனா காலைல மாமா ஹால் வாசல்ல அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக் கத்திட்டு இருந்தாரா? அப்ப இந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. 'சார், ஒரு நாள் இல்ல ஒரு நாள் உங்க மூக்குலயே அடிக்கறேன் பாருங்க'ன்னு. என் ரெண்டு காதால கேட்டேன்."

எல்லாத் தலைகளும் நர்ஸ் பக்கம் திரும்பின.

"விளையாட்டுக்குச் சொன்னேன் மேடம்!" நர்ஸின் குரல் உடைந்தது.

அதே நேரம் அவள் போன் அடித்தது. மேலதிகாரி! ஸ்பீக்கர் போடாமலேயே கூட்டம் முழுக்கக் கேட்டது.

"ஒரு டோஸ் திருடு போச்சாமே! ஆளைப் புடிச்சு பலவந்தமா அடிச்சியாமே! பன்னெண்டு மணிக்குள்ள நீ இல்லன்னு போலீஸ் சொல்லணும். இல்லன்னா நாளைலருந்து வராதே!"

மணி பதினொன்று ஐந்து.

*

முதல் மாடியில் மாமாவின் வீடு. சோபாவில் சாய்ந்திருந்தார். மனைவி டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். 'நங்' என்று.

"சொல்லுங்க சார். ஆள் எப்படி இருந்தான்?"

"உயரம்... இல்ல, நடுத்தரம். முகமூடி போட்டிருந்தான். முகம் தெரியல. அதை விடுங்க மேடம். எழுதிக்குங்க. இன்னிக்குத் தேதி. நேரம் பத்து பதினஞ்சு. மருந்து, மூக்கு வழி கோவிட் தடுப்பு மருந்து. முழு டோஸ். வலது மூக்குல பாதி, இடது மூக்குல பாதி."

"கை எந்தக் கை? சட்டை என்ன கலர்?"

"அதெல்லாம் கவனிக்கல. அந்தக் குழாய்ல ஒரு நம்பர் இருக்குமே, அதையும் எழுதிக்குங்க. புகாருக்கு முத்திரை போட்ட நகல் கிடைக்குமில்ல? இன்னிக்கே?"

இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா நின்றது.

"விழறப்போ அடிபட்டுச்சா?"

"மண்டைல பலமா!"

"மூக்குல கண்ணாடித் தடம் இருக்கு. கண்ணாடி உடையலையே?"

"அது சட்டைப் பையில, கூட்டுக்குள்ள பத்திரமா..." என்று ஆரம்பித்தவர் வெந்நீரை எடுத்து அவசரமாகக் குடித்தார். சுட்டது.

மனைவி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "இவருக்குக் கண்ணாடி இல்லன்னா எதிர்ல நிக்கற நானே தெரிய மாட்டேன். முகமூடி மட்டும் எப்படித்தான் தெரிஞ்சுதோ!"

"நீ உள்ள போ!"

இன்ஸ்பெக்டரம்மா எழுந்தாள். ஜன்னலைத் திறந்து கீழே குரல் கொடுத்தாள்.

"கான்ஸ்டபிள்! நர்ஸை வண்டியில ஏத்துங்க. கேஸ் முடிஞ்சுது!"

கீழிருந்து ஒரு அழுகைச் சத்தம் கிளம்பியது.

மாமா சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். மண்டையில் பலமாக அடிபட்டவர் அப்படித் துள்ளி யாரும் பார்த்திருக்க முடியாது!

"ஐயையோ! அந்தப் பொண்ணு இல்ல மேடம்! அது ஒரு பாவமும் அறியாது!"

"முகமே தெரியலன்னீங்க. அவங்க இல்லன்னு மட்டும் எப்படி சார் தெரியும்?"

மாமா டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

சுட்டது நினைவு வந்து கீழே வைத்தார்.

"நானே சொல்லட்டுமா? ஒருத்தன் லிஃப்ட்டுக்குள்ள பாஞ்சு தாக்கறான். கைகலப்பு. ஆனா வலது மூக்குல பாதி, இடது மூக்குல பாதின்னு அளந்து அடிக்கறான். உங்க கண்ணாடியைக் கழட்டிக் கூட்டுக்குள்ள வெக்கறான். கீழே விழாமப் படுக்க வெக்கறான். எங்க ஸ்டேஷன்ல பதினாறு வருஷமா நானும் பார்க்கறேன். இவ்வளவு பொறுப்பான ரவுடி ஒருத்தன் கூடச் சிக்கினதில்ல!"

மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தன்னைத் தாக்கினவன் யாருன்னு கவலைப்படாம, மருந்து நம்பரைப் பத்திக் கவலைப்படற ஆளையும் இன்னிக்குத்தான் பார்க்கறேன். அந்த முத்திரை போட்ட நகல் யாருக்கு சார்?"

மாமா உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸ் விற்ற முப்பது வருஷமும் அந்த ஒரு நிமிஷத்தில் இறங்கிப்போன மாதிரி இருந்தது.

"பேத்தி மேடம்..."

"ம்?"

"பொறந்து பதினோரு நாள் ஆகுது. பொண்ணு சொல்லிட்டா. 'தடுப்பு மருந்து போட்டுக்கிட்ட அத்தாட்சி இல்லாம என் குழந்தை பக்கத்துல வராதீங்கப்பா'ன்னு. பிடிவாதக்காரி. என்னை மாதிரியே. இதுவரைக்கும் போன்லதான் பார்த்திருக்கேன். நெட் போச்சுன்னா குழந்தை பாதி முகத்தோட அப்படியே நின்னுடுது மேடம்!"

"நேரா ஹாலுக்கு வந்து உக்காந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை."

"எண்ணூத்திப் பன்னெண்டு பேர் மேடம்! என்னை நம்பி! ஹால் நாற்காலியில நான் உக்காந்தா, மூணாவது மாடில துணி காயறதுக்குள்ள எல்லாருக்கும் போயிடும். அதான் மேஜை மேல இருந்த குழாயை நைசா எடுத்துட்டேன். நானா போட்டுக்கல, பலவந்தமா போட்டாங்கன்னா... கொள்கையும் நிக்கும், பேத்தியையும் தூக்கலாம்..."

"அப்படி என்ன சார் கொள்கை?"

மாமா குரலைத் தாழ்த்தினார். மனைவிக்குக் கேட்கக் கூடாதாம்.

"ஆரம்பத்துல ஊசின்னா பயம். அவ்வளவுதான். இந்த வயசுல அதைச் சொல்ல வெக்கம். அதனால கொள்கைன்னு சொன்னேன். நாலு பேர் கை தட்டினாங்க. அது எண்ணூறாயிடுச்சு. இப்பப் பாருங்க, ஊசியே இல்லன்னுட்டாங்க. பயம் போயிடுச்சு. கொள்கை மட்டும் தனியா நடுத்தெருவுல நிக்குது!"

"எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும்," என்றாள் சமையலறையிலிருந்து மனைவி. "ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனா, லேப் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட ஆளு!"

*

பதினொன்று நாற்பது.

மேலதிகாரிக்கு இன்ஸ்பெக்டரம்மாவே போன் செய்தாள். "நர்ஸ் மேல தப்பு இல்ல. எழுதியே தரேன்." ஜன்னலில் நின்று, கீழே இருந்த அத்தனை பேருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் செய்தது, ஐஸ் பெட்டியின் டேப்பைப் பிய்த்ததுதான். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

பிறகு முதல் மாடிக்கு ஓடிவந்தாள்.

"மேடம், நாப்பது கொண்டுவந்தேன். நாப்பதும் இருக்கு!"

"என்னது?"

மாமாவின் தலை நிமிர்ந்தது.

"திருட்டே போகலையா? அப்ப லிஃப்ட்ல கிடந்தது?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

நர்ஸின் பின்னாலேயே வந்த கான்ஸ்டபிள் கவரை நீட்டினார். நர்ஸ் குழாயைத் திருப்பிப் பார்த்தாள். முகமூடிக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கினாள். முடியவில்லை.

"சார்... இது செஞ்சு காட்டறதுக்காக மேஜை மேல வெச்சிருந்தது. பெட்டிக்குள்ளதான் மருந்து. இது வெறும் உப்புத் தண்ணி சார்!"

"உப்புத் தண்ணியா?!"

"மூக்கடைப்புக்கு நல்லது."

மாமா சோபாவில் சரிந்தார். இந்தத் தடவை நிஜமாகவே! கண்ணாடி கழன்று தரையில் விழுந்தது. யாரும் கூட்டுக்குள் எடுத்து வைக்கவில்லை.

"அப்ப பேத்தி?" என்று முனகினார். "மேடம்... இன்னொரு தடவை யாராவது என்னைத் தாக்கினா... தப்பா மேடம்?"

இன்ஸ்பெக்டரம்மா பதில் சொல்லும் முன் கீழே பெரிய சலசலப்பு. கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

"மேடம்! 'விழித்துக்கொள்' குழு ஆளுங்க! மாமாவைத் தாக்கின செய்தி போயிடுச்சு. பக்கத்துத் தெருவுலருந்தெல்லாம் வந்திருக்காங்க. லிஃப்ட் வாசல் முழுக்கக் கூட்டம்!"

"போராட்டமா?"

கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார். "போராட்டம்னுதான் சொல்றாங்க மேடம். ஆனா... வரிசையா நிக்கறாங்க."

எல்லோரும் இறங்கி ஓடினார்கள்.

உண்மைதான்! லிஃப்ட் கதவிலிருந்து வாசல் வரை ஒரு வளைந்த வரிசை. கையில் எதிர்ப்பு அட்டைகள். கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் முன்கூட்டியே கழற்றிப் பையில் வைத்திருந்தார்கள்.

முன்னால் நின்றவர், குழுவின் துணைத் தலைவர், இன்ஸ்பெக்டரம்மாவின் காதருகே வந்தார்.

"மேடம், எங்க எதிர்ப்புல மாற்றமே இல்ல. ஆனா எங்க வீட்லயும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க இல்லையா... அந்த முகமூடி ஆளு ரொம்ப பலசாலியாமே? தடுக்கவே முடியாதாமே?" குரல் இன்னும் இறங்கியது. "மறுபடி எத்தனை மணிக்கு வருவான்?"

நர்ஸ் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். முகமூடியைச் சரிசெய்துகொண்டாள். லிஃப்டுக்குள் போய் நின்றாள்.

மாமா ஓடிவந்து முதல் ஆளாக நுழையப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மா சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"வரிசையில வாங்க சார்! உங்களுக்கு முன்னாடி இருபத்திரெண்டு பேர் தாக்கப்படணும்!"