மணி அடித்தால் மூச்சை அடக்குகிறவர்

நெஞ்சில் ஒட்டியிருந்த மார்ச்செவிக் கருவி அன்றும் சந்தியாகுவுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தது. அவர் மனைவி ரொசாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மருத்துவமனைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

“நூறு வாங்குத மனுசனால மாடிப்படி ஏற முடியலையே, டாக்டரம்மா!”

மருத்துவர் நிலோஃபர் மார்ச்செவியின் மதிப்பெண் வரைபடத்தைப் பார்த்தார். கல்லீரல் வைரஸை ஒழிக்கும் ஊசி தூத்துக்குடியில் வீடு வீடாகப் போவதே மார்ச்செவியை நம்பித்தான். கிருமியை விரட்ட அந்த ஊசி உடம்பின் காவலைக் கிளப்பிவிடும். லட்சத்தில் ஒருவருக்கு அந்தக் காவல் வெறிகொண்டு நுரையீரலையே தாக்கி அழற்சி உண்டாக்கும். பொத்தான் அளவே உள்ள மார்ச்செவி தினமும் மணியடித்து அரை நிமிடம் மூச்சொலியைக் கேட்கும். இருமலோ கரகரப்போ கேட்டால் மதிப்பெண் குறையும், ஊசி நிற்கும். நான்கு ஆண்டுகளில் ஒரு சாவு கூட இல்லை. முதல் சாவு இவர்தானோ என்று அஞ்சிய நிலோஃபர் கருவியை அழுத்தி ஒட்டினார்.

“மறுபடி கேட்க விடுவோம். சும்மா உட்காருங்கண்ணே.”

மணி அடித்தது. சந்தியாகுவின் நெஞ்சு அப்படியே நின்றது. அரை நிமிடம். நூறு! அடுத்த நொடி அவர் இருமிச் சுருண்டார்.

“மூச்சை ஏன் அடக்குனீங்க?”

“மணி அடிச்சா அடக்கணும்லா? முப்பது வருசமா சங்கு குளிக்கேன். படகுல மணி அடிச்சதும் மூச்சைப் புடிச்சிட்டுக் குதிப்போம். தன்னால வருது.”

“ஊசி போட்ட ஒம்பது வாரமும் மணி அடிச்சா இருமலை முழுங்கிக்கிட்டா இருந்திய!” என்று ரொசாலி அழுதே விட்டாள்.

அரை நிமிடம் மூச்சே விடாத நோயாளி ஒருவன் இருப்பான் என்று கருவி செய்த மேதாவிகளுக்குத் தோன்றவே இல்லை. நிலோஃபர் அன்றே ஊசியை நிறுத்தி ஸ்டீராய்டு தொடங்கினார். வீக்கம் வடிந்தது. ரத்தத்தில் வைரஸும் இல்லை. ஊசி தன் வேலையை முன்பே முடித்திருந்தது. ஐந்தாம் மாதம் சந்தியாகு மறுபடி கடலில் குதித்து இரு கையிலும் சங்கோடு மேலே வந்தபோது படகே கூத்தாடியது.

மேதாவிகளும் திருந்தினார்கள். இனி நூறு வாங்குகிறவர் மூச்சை அடக்கியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அலைச்சலுக்குப் பயந்த ஊர் ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தது. மணி அடித்ததும் எல்லோரும் பாதுகாப்புக்காக இரண்டு முறை இருமினார்கள்.

திங்கட்கிழமை மார்ச்செவி நாலாயிரம் பேருக்கு நுரையீரல் அழற்சி என்று அறிவித்து, அத்தனை பேரின் ஊசியையும் நிறுத்தியது.